மூன்றாம் ஓலை

முதல் பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்ததும் கெத்சியாள் கையிலிருந்த காகிதத்தை மறுபடியும் விரித்தாள். விரித்து மடித்து, விரித்து மடித்து அது நைந்துபோயிருந்தது, உள்ளங்கை வியர்வை வேறு. இன்னும் ஒரு வேதபாடம், ஒரு ஜெபம், ஒரு கீர்த்தனை, அப்புறம் அவள் எழுந்துபோய்ப் பெரியப்பாவின் ஜீவிய சரித்திரத்தை வாசிக்கவேண்டும். சந்தோஷபுரத்தில் யார் செத்தாலும் இதுதான் வழக்கம். பெட்டியைக் கோயிலுக்குள் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைத்து, இன்ன வருஷம் பிறந்தார், இன்ன குருவானவர் கையால் ஞானஸ்நானம் பெற்றார், இன்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார் என்று சொந்தத்தில் ஒருவர் சபைக்கு முன்னால் வாசித்து முடித்தால்தான் கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்பாடு. எண்பத்தாறு வருஷம் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. சபைச் செயலாளர் டேவிட்சன் எழுதிக் கொடுத்தது, முத்து முத்தான கையெழுத்து, மனிதரைக் குற்றம் சொல்லவும் முடியாது, நேற்று விடியற்காலையில் பெரியப்பா போனதிலிருந்து பந்தலுக்கும் பெட்டிக்கும் அலைந்தவர் அவர்தான். ஆனால் ஒன்பதாவது வரியில் இப்படி எழுதியிருந்தார்: ‘இடையில் சில காலம் பின்மாற்றத்தில் இருந்தபோதும் கர்த்தர் அவரைக் கைவிடவில்லை.’ பின்மாற்றம். விசுவாசத்தை விட்டுப் பின்னால் போவது. குடிகாரனுக்கும் கூத்தியாள் வைத்திருப்பவனுக்கும் சொல்லுகிற வார்த்தை. முப்பத்தொரு வருஷமாக ஒரு ஞாயிறு தவறாமல் கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்த சற்குணம் வாத்தியாருக்கு அந்த வார்த்தை. அதை வாசிக்கப்போவது அவருடைய தம்பி மகள் கெத்சியாளின் வாய். ஊரில் எந்த வாயும் அந்த வரியை வாசித்துவிட்டுப் போகலாம், இந்த ஒரு வாய் மட்டும் கூடாது, அது ஏன் கூடாது என்பது இங்கே இருக்கிற இருநூறு பேரில் அவளுக்குத்தான் தெரியும். பெட்டிக்குள் இருக்கிறவரைச் சேர்த்தால் இரண்டு பேர். பெரியப்பாவின் மகள் பியூலாவுக்கும் தெரியும், ஆக மூன்று. பியூலாவுக்குத் தெரியாமல் இருக்காது.

உபதேசியார் வேதபாடத்தை ஆரம்பித்தார், மூக்கால் வாசித்தார், நிறுத்தவேண்டிய இடத்தில் ஓடினார், ஓடவேண்டிய இடத்தில் நின்றார். பெரியப்பா வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு இது ஒரு வாசிப்பா. பூகோள வாத்தியார் இல்லையா, எருசலேமிலிருந்து எரிகோவுக்கு என்று அவர் வாசித்தால் நேற்றுத்தான் பஸ்ஸில் போய்வந்தவர் மாதிரி இருக்கும், அந்த ஊரில் எந்தப் பக்கம் வெயில் அடிக்கும் என்றுகூடக் கேட்டால் சொல்லிவிடுவார் என்று தோன்றும். கோயில் தொடங்குவதற்கு அரைமணி முன்னாலேயே வந்து ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டப்பா நிறையக் கண்ணாடிகள், செத்துப்போனவர்கள் வீட்டில் கேட்டு வாங்கிய பழைய கண்ணாடிகள். பாட்டுப் புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிற கிழவிகளைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, “இது தெரியுதா? இது?” என்பார். ஞானாயி ஆச்சிக்குப் பொருந்தியது அவளுடைய சம்பந்தியின் கண்ணாடி. உயிரோடு இருந்தபோது முகம் கொடுத்துப் பேசாத சம்பந்தி. “அவ கண்ண வச்சா நான் கர்த்தரப் பாடணும்” என்று ஆச்சி முனகியபோது பெரியப்பா சிரித்த சிரிப்பில் பீடத்துப் பூ ஜாடி ஆடியது என்று அப்பாவே சொல்லுவார், அதெல்லாம் அப்பா அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில். கோயில் விருந்தான அசனத்துக்குச் சோறு பரிமாறும்போது முதல் பந்தியில் வந்து உட்காருகிற பெரிய மனிதர்களை விட்டுவிட்டுக் கடைசிப் பந்திக்காரர்களுக்குக் கறி மிஞ்சுகிறதா என்று அண்டாவையே எட்டி எட்டிப் பார்ப்பார். கோபமே வராது. வராது என்பது சரியா, வந்து யாருக்கும் தெரியாமல் போய்விடுமா, மனுஷன்தானே, இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது கெத்சியாள் மேல் வந்திருக்காதா. பெட்டியின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மூக்கு மட்டும் தெரிந்தது. மூக்கில் பஞ்சு. அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

ஓலை வாசிப்பது என்று ஒன்று உண்டு. கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு தொடர்ந்து, இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் என்று குருவானவர் அறிவிப்பார், தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கொஞ்சம் நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் யாரும் எதுவும் சொல்வதில்லை, இருமல் வந்தவன்கூட விழுங்கிக்கொள்வான். கல்யாணப் பெண் அந்த ஞாயிறுகளில் கோயிலுக்கு வரமாட்டாள், வெட்கம். கெத்சியாளுக்கு அப்போது இருபத்திரண்டு வயசு, முதல் ஓலை முடிந்தது, இரண்டாவது முடிந்தது, கூறைச் சேலை எடுத்தாகிவிட்டது. அவளுக்குத் தூக்கம் போய்ப் பத்து நாளாயிற்று. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனுடைய தங்கை காப்பியை அவன் வேட்டியில் சாய்த்துவிட்டாள். அவன் பெரியவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டே, மேஜைக்குக் கீழே, அந்தப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் திருகினான். கதவுப் பக்கம் நின்ற கெத்சியாளுக்கு மட்டும் தெரிகிற கோணம். அந்தப் பிள்ளை கத்தவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை, எப்போதும் நடப்பதுதான் என்பதுபோல் இருந்தது, அதுதான் பயம். அப்பாவிடம் சொன்னாள். “ஆம்பளன்னா ஒரு முறுக்கு இருக்கத்தான் செய்யும்” என்றார். இரண்டாம் தடவை சொன்னபோது செருப்பைத் தேடினார். சனிக்கிழமை சாயந்திரம் பீடத்துக்குப் பூ வைக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் கோயிலுக்கு வந்தாள். பெரியப்பா தனியாக நின்று மறுநாள் வேதபாடத்தை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “பெரியப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்.” எல்லாவற்றையும் சொன்னாள், அந்த மணிக்கட்டைச் சொன்னாள். அவர் புத்தகத்தை மூடிவிட்டு, “புடிக்கலையா, பயமா இருக்கா?” என்று கேட்டார். “பயமா இருக்கு பெரியப்பா.” “உங்க அப்பன் கேக்க மாட்டான். நான் சொன்னாலும் கேக்க மாட்டான். எல்லாத்துக்கும் காரணம் கேப்பான், இது அவனுக்குக் காரணமாத் தெரியாது.” மூடிய புத்தகத்தை அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்தார். “சரி, பூவ வச்சிட்டு வீட்டுக்குப் போ. நீ எங்கிட்ட வரல, நான் ஒன்னும் கேக்கல. யாருட்டயும் மூச்சு விடாத, சரியா?” சரி என்றாள். அந்த சரியைத்தான் முப்பத்தொரு வருஷமாகக் காப்பாற்றி வருகிறாள், வேறு எதைக் காப்பாற்றினாளோ இல்லையோ.

ஜெபம் செய்ய எல்லோரும் முழங்கால் போட்டார்கள், கெத்சியாளும் போட்டாள், கண்ணை மூடியதும் அந்த மூன்றாவது ஞாயிறு வந்து நின்றது. அவள் பார்க்காத ஞாயிறு, ஆனால் ஊர் அவளுக்கு அதை எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறது. தடை ஏதும் அறிந்தவர்கள் என்று குருவானவர் நிறுத்துகிறார், ஆண்கள் பக்கத்து முதல் வரிசையில் பெரியப்பா எழுந்து நிற்கிறார், “தடை உண்டு ஐயரே.” பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா அண்ணனின் வேட்டியைப் பிடித்து இழுக்கிறார், ஏதோ தவறுதலாக எழுந்துவிட்டார் என்று நினைத்து. தடையை அறிவித்தால் காரணம் சொல்லவேண்டும், பெரியப்பா சொன்னார்: பையனுடைய அப்பாவைப் பெற்றவளும் எங்கள் அம்மாவும் கூடப் பிறந்தவர்கள், கொள்ளைநோய் வருஷத்தில் வீட்டார் அம்மாவுடைய தங்கச்சியை விடுதியில் விட்டுவிட்டு வந்தார்கள், சாகும்போது அம்மா மூத்தவன் என்று என்னிடம் மட்டும் சொன்னாள், ஆகவே பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை. வடிகட்டின பொய். வேதம் வாசிக்கிற வாயால், வேதம் வாசிக்கிற இடத்துக்கு எட்டு அடி தள்ளி நின்று, செத்துப்போன தாயின் தலைமேல் வைத்துச் சொன்ன பொய். முறை தப்பு என்று ஒரு பேச்சு கிளம்பிய பிறகு எந்த வீட்டில் கல்யாணம் நிற்கும், மாப்பிள்ளை வீட்டார் இரண்டே மாதத்தில் வேறு பெண் எடுத்துவிட்டார்கள். அப்புறம் அவர்கள் ஊர் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்ததில் மாப்பிள்ளையின் பாட்டிக்கு வேறு தாய், வேறு தகப்பன், வேறு ஊர். சபைக் கமிட்டி கூடிப் பெரியப்பாவைக் கூப்பிட்டது. “ஆமா, பொய்தான்” என்றார். ஏன் சொன்னீர்? “அது மட்டும் கேக்காதீங்க.” நற்கருணையை ஒரு வருஷத்துக்கு நிறுத்தினார்கள், மனந்திரும்பினேன் என்று சபையில் சொன்னால் திரும்பத் தருவோம் என்றார்கள். வருஷம் முடிந்தது, அவர் சொல்லவில்லை. குருவானவர்கள் மாறினார்கள், புதிதாக வந்தவர் ஒருவர் வீட்டுக்கே வந்து, சும்மா ஒரு வார்த்தை சொல்லும் சார், பழைய கதை, யார் கேட்கப்போகிறார்கள் என்றார். பெரியப்பா அவருக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, “வருத்தப்படுதேன்னு சொல்லணும்லா ஐயரே, எனக்கு வருத்தம் வரலையே, வராம எப்படிச் சொல்ல?” என்றாராம். ஒரு பொய் சொன்னவர் இரண்டாவது பொய்யைச் சொல்ல மாட்டேன் என்று முப்பத்தொரு வருஷம் அப்பத்தையும் ரசத்தையும் தொடவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் வரிசையாகப் பீடத்துக்குப் போவார்கள், அவர் கடைசிப் பெஞ்சில் காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிடுவார். கெத்சியாளும் போயிருக்கிறாள். அந்தக் காலைத் தாண்டித்தான் போயிருக்கிறாள், போய் மண்டியிட்டுக் கை நீட்டி வாங்கியிருக்கிறாள், அது தொண்டையில் இறங்கியும் இருக்கிறது.

அந்த மணிக்கட்டு. அதையாவது நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்றால் அதுவும் இல்லை. அவன் கெட்டவன் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று அவள் எத்தனை வருஷம் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தாள், கல்யாண வீடுகளில் அவர்கள் ஊர்க்காரர்கள் யார் வந்தாலும் பேச்சைச் சுற்றிச் சுற்றி அங்கே கொண்டுபோவாள். பெண்டாட்டியை அடிக்கிறான் என்று ஒரு வார்த்தை போதும், பெரியப்பாவின் பொய்க்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும். யாரும் சொல்லவில்லை. நல்ல மாதிரி, சபையில் பொறுப்பில் இருக்கிறார், மகள் டாக்டர் என்றார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் திருநெல்வேலி ஜங்ஷனில் அவனையே பார்த்தாள், தலை வழுக்கை, பெண்டாட்டியின் பையையும் சேர்த்துத் தானே தூக்கிக்கொண்டு, அவளைக் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினான். கெத்சியாள் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பார்த்தாள், வளையல்தான் இருந்தது. அப்படியானால் அன்றைக்குப் பார்த்தது என்ன? அண்ணன் தங்கை விளையாட்டா? இருபத்திரண்டு வயசில் கல்யாணத்துக்குப் பயந்துபோன ஒருத்தி ஒன்றுமில்லாததைப் பெரிதாக்கிவிட்டாளா, அதை நம்பி ஒரு மனிதர் தன்னையே கொடுத்துவிட்டாரா? திருகினான், கண்ணால் பார்த்தேன், திருகத்தான் செய்தான். இல்லை, பிடித்தான். பிடித்துத் திருகினான். முழங்கால் வலித்தது, எல்லோரும் ஆமென் சொல்லி எழுந்துகொண்டிருந்தார்கள், அவள் கடைசியாக எழுந்தாள். எதிரே ஆண்கள் பக்கத்திலிருந்து அவளுடைய புருஷன் பால்துரை, என்ன, உடம்புக்கு முடியலையா என்று புருவத்தாலேயே கேட்டார். பாவம், தூத்துக்குடியிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார், அந்த ஓலை நின்று மூன்று வருஷம் கழித்துப் பார்த்துப் பிடித்து நடந்த கல்யாணம், அவருக்கும் ஒன்றும் தெரியாது.

கீர்த்தனை தொடங்கியது, நீளமான கீர்த்தனை, ஐந்து சரணம், ஐந்தையும் பாடினால் நல்லது, பத்து இருந்தாலும் நல்லது. பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் பியூலா வெள்ளைச் சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்க்காமல் பாடிக்கொண்டிருந்தாள். ஐம்பத்துநாலு வயசு, கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதற்கும் அந்த ஞாயிறுதான் காரணம், வேறு என்ன. தன் மகள் மூத்தவள் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது தம்பி மகளுக்கு முதலில் ஆகிறதே என்கிற வயிற்றெரிச்சலில்தான் கிழவன் தடை சொன்னான் என்று ஊர் முடிவு கட்டியது. கோயிலில் பொய் சொன்னவன் வீட்டில் பெண் எடுக்க யார் வருவார்கள், வந்த இரண்டொருவரும் விசாரித்துவிட்டுத் திரும்பினார்கள். அப்பா இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரிலிருந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார், அடைத்த கையோடு அண்ணன் என்கிற வார்த்தையையும் விட்டுவிட்டார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்பா படுக்கையில் கிடந்தபோது கெத்சியாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுவோம் என்று வாயெடுத்தாள், அப்பா தண்ணீர் கேட்டார், கொடுத்தாள், அதோடு சரி. ஒரு தடவை பெரியப்பாவிடமே, “ஐயர்ட்ட நான் சொல்லிருதேன் பெரியப்பா” என்று ஆரம்பித்தாள். “உங்க அப்பன் இருக்கற வரைக்கும் வேண்டாம்” என்றார். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆயிற்று. அந்த ஒன்பது வருஷத்துக்கு யாரைக் காரணம் சொல்வது? ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஒவ்வொரு அசனத்துக்கும் வந்தாள், இந்தத் தடவை சொல்லிவிடுவோம் என்று வந்தாள், பியூலா அதிரசம் கட்டிக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டு போனாள். பியூலாவிடம் அவர் கட்டாயம் சொல்லியிருப்பார், ஒரே மகள், ஒரே வீடு, முப்பத்தொரு வருஷம், சொல்லாமல் எப்படி இருந்திருக்க முடியும். தெரிந்திருப்பதால்தான் பியூலா ஒரு நாளும் அவளிடம் முகம் கோணியதில்லை, எல்லாவற்றையும் மன்னித்துவிட்டாள், பெரியப்பா மாதிரியே மனசு. பெரியப்பாவிடம் அவள் அதிகம் பேசமாட்டாள்தான், நேரத்துக்குத் தட்டு, நேரத்துக்கு மாத்திரை, கொண்டுவைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள், ஆனால் வயசான தகப்பனும் வயசாகிப்போன மகளும் நாள் முழுக்க என்னத்தைப் பேசுவார்கள். நேற்று ராத்திரி இந்தக் காகிதத்தைக் கொடுத்து, “நீதான் வாசிக்கணும், அப்பாவுக்கு உன் மேல உசிரு” என்றாள். எல்லாம் தெரிந்துதான் கொடுத்திருக்கிறாள். அந்த ஒன்பதாவது வரியை அடிக்காமல் விட்டதும் அதற்குத்தான், நீயே உன் வாயால் என்ன செய்கிறாய் என்று பார்ப்போம் என்று. அப்படித்தான் இருக்கும்.

ஐந்தாவது சரணமும் முடிந்தது. “சகோதரி கெத்சியாள்” என்றார் குருவானவர். அவள் நடந்தாள், பெட்டியைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது, போகும்போது சேலைத் தலைப்பு பெட்டியின் ஓரத்தில் மாட்டியது, எடுத்துவிட்டாள். மைக் அவள் மூச்சை எடுத்துக் கோயில் முழுக்கப் பரப்பியது. பிறந்தது, ஞானஸ்நானம், திடப்படுத்தல், வாத்தியார் வேலை, இருபத்துநாலு வருஷம் பூகோளம், மனைவி காலமானது, பன்னிரண்டு வருஷம் சபையில் வேதபாடம் வாசித்தது. எட்டு வரி வாசித்தாள், குரல் நன்றாகத்தான் இருந்தது, இப்படியே வாசித்துவிட்டால் இன்னும் அரை நிமிஷம், ஒரு வரிதானே, யார் கவனிக்கப்போகிறார்கள், வாசித்துவிட்டு இறங்கித் தூத்துக்குடிக்குப் போய்விடலாம். “இடையில் சில காலம்” என்று வாசித்தாள். நின்றாள். மறுபடியும் “இடையில் சில காலம்” என்றாள். டேவிட்சன் தன் கையெழுத்து புரியவில்லையோ என்று எட்டிப் பார்த்தார். “இந்த வரி தப்பு” என்றாள் கெத்சியாள். “பெரியப்பா பின்மாறல. அந்த மூணாவது ஓலைக்குத் தடை சொன்னாவளே, அது எனக்காகச் சொன்னாவ. எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டாம், பயமா இருக்குன்னு முந்தின நாள் இந்தக் கோயில்லதான் அவியட்ட அழுதேன். எங்க அப்பாவுக்குப் பயந்துட்டு நான் சொல்லல. என் பேரு வெளிய வந்துரக் கூடாதுன்னு அவிய யாருட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. பொய் அவியது இல்ல, என்னுது. நற்கருணைய நிறுத்தியிருந்தா எனக்குத்தான் நிறுத்தியிருக்கணும்.”

சொல்லிவிட்டாள். கூரை இடிந்து விழவில்லை, மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, எங்கோ ஒரு கைக்குழந்தை சிணுங்கியது, குருவானவர் கையிலிருந்த புத்தகத்தை மூடுவதா திறப்பதா என்று தெரியாமல் வைத்திருந்தார். பால்துரை அவளை யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்கட்டும். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கக்கேடுதான், ஆனால் இருந்தது, நெஞ்சில் முப்பத்தொரு வருஷமாக உட்கார்ந்திருந்தது எழுந்துபோய்விட்டது. அந்தச் சந்தோஷத்தோடுதான் அவள் பியூலாவைத் திரும்பிப் பார்த்தாள், ஒரு தலையசைப்பை எதிர்பார்த்து. பியூலா பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். வாய் திறந்திருந்தது. ரத்தம் வடிந்துபோன அந்த முகத்தைப் பார்த்ததும் கெத்சியாளுக்குப் புரிந்துவிட்டது, இவளுக்குத் தெரியாது, இவளிடம் அவர் சொல்லவே இல்லை, முப்பத்தொரு வருஷமும் இவள் ஊர் சொன்னதைத்தான் நம்பியிருக்கிறாள், நம்பிக்கொண்டுதான் தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போயிருக்கிறாள். பியூலா பெட்டியைப் பார்த்தாள், கிட்டப் போய் உள்ளே குனிந்து வெகுநேரம் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து, கோபம் இல்லாமல், ஏதோ விலாசம் கேட்கிறவள் மாதிரி கேட்டாள்:

“முந்தாநாள் வந்து சொல்லியிருக்கக் கூடாதாட்டி? முந்தாநாள் அவியளுக்குக் காது கேட்டுச்சே.”